மூளை ரத்த ஓட்ட ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாளா மகள்?

டாக்டருக்குப் படிக்க மாட்டேன், மூச்சுக்கும் மூளை ரத்த ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயப்போகிறேன் என்று பிளஸ் டூ படிக்கும் மகள் சொல்கிறாள். இதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் சம்பாத்தியம் தாமதமாகத்தான் வரும். அதைப் பேசுவதற்கு முன், அந்த வேலை அன்றாடம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுங்கள்.

இத்துறையில் பெயர் பெற்ற இடங்களில் ஒன்று, கனடாவின் கெலோனாவில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகம். அங்கு பேராசிரியர் பிலிப் ஐன்ஸ்லியின் குழு நேபாளத்தில் 5,050 மீட்டர் உயரத்திலுள்ள பிரமிட் ஆய்வகம் வரை போய் மூளை ரத்த ஓட்டத்தை அளந்திருக்கிறது. மலைப் படங்களில் மயங்கி வரும் பிள்ளைகள் உண்டு. மலையெல்லாம் சில வாரங்கள்தான். மீதிக் காலம் தன்னார்வலரின் கழுத்தில் ஜெல் தடவி ஸ்கேன் செய்வதிலும், கணினியில் அலைகளைச் சரிபார்ப்பதிலும் கழியும்.

அடிப்படை இதுதான். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கி மூளை நாளங்கள் சுருங்கும். தலை கிறுகிறுப்பது அதனால்தான். உயரத்தில் இரண்டும் மோதும்: ஆக்சிஜன் குறைவு நாளத்தை விரிக்கும், அதனால் கூடும் மூச்சு அதையே சுருக்கும்.

கஷ்டம் அளவீட்டில் இருக்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் வழக்கமாக 40 மி.மீ. பாதரசம். அதில் 1 குறைந்தால் மூளை ரத்த ஓட்டம் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். முகமூடி மாட்டிய பதற்றத்தில் தன்னார்வலர் மூச்சைக் கூட்டி 35-க்கு இறங்கினால் 15 சதவீதம் போயிற்று! கழுத்துத் தமனியின் விட்டம் 5 மி.மீ. என்றால், கால் மி.மீ. தவறாக அளந்தாலே ஓட்டக் கணக்கு 10 சதவீதம் பிசகும், விட்டம் வர்க்கமாக வருவதால். பொட்டெலும்பு வழியே பார்க்கும் டாப்ளர் என்ற அல்ட்ராசவுண்ட் முறை ரத்தத்தின் வேகத்தை மட்டுமே காட்டும். நாளம் விரிந்திருந்தால் ஓட்டத்தைக் குறைத்துச் சொல்லிவிடும். சிலருக்கு அந்த எலும்பில் சிக்னலே கிடைக்காது. இதைப் படித்ததும் அலுப்பு வராமல், ‘எப்படிச் சரிசெய்வார்கள்?’ என்று உங்கள் மகள் கேட்டால் தாராளமாக அனுப்பலாம்.

இந்தியாவில் உறுதியான பாதை எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.டி. உடலியங்கியல். அது வேண்டாம் என்றால், எங்கள் முதல் பரிந்துரை பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி. புரோப் (உடலில் வைத்து ஸ்கேன் செய்யும் கருவி) பிடிக்கக் கை பழகும், ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் எக்கோ எனும் இதய ஸ்கேன் அறையில் வேலை இருக்கும். கூடவே பைத்தான் என்ற கணினி மொழியும் புள்ளியியலும் கற்கட்டும். பலர் திணறுவது அங்கேதான். அல்ட்ராசவுண்ட் பயிற்சி கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி பதிவு பெற்ற இடத்தில் மட்டுமே. எம்.எஸ்சி. மெடிக்கல் பிசியாலஜியும் உண்டு, ஆனால் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலையை மட்டும் நம்பி அதில் சேர வேண்டாம்: டாக்டர் அல்லாதவர்களுக்கு அங்கே இடம் குறைவு, விதியும் மாறிக்கொண்டே இருக்கிறது. டெல்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் டிபாஸ் நிறுவனம் உயரப் பகுதி ராணுவ வீரர்களுக்காக இதே துறையில் ஆராய்கிறது, ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் அங்கே முயலலாம்.

கனடா என்றால், ஆய்வுப் பட்டங்களுக்கு மதிப்பெண் மட்டும் போதாது. பேராசிரியர் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்; உதவித்தொகையும் பெரும்பாலும் அவர் வழியாகவே வரும். ஓராண்டு முன்பே எழுதுங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழும் ஒரு கேள்வி, தன் கையில் இருக்கும் திறமை, மதிப்பெண் பட்டியல்: இவ்வளவு ஒரு பக்கத்தில் அடங்கட்டும். மூன்றாண்டு பட்டத்தை ஏற்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். கட்டணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணக் கணக்கு: முதுகலை 2 ஆண்டு, பிஎச்.டி. 4 முதல் 5 ஆண்டு, அதன்பின் போஸ்ட்டாக் எனும் தற்காலிக ஆய்வுப் பணி. முப்பது வயது வரை வீட்டுக்குப் பணம் அனுப்புவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டை அடகு வைத்து ஆய்வு இல்லாத முதுகலைப் படிப்பில் சேர்க்க வேண்டாம். இந்தத் துறைக்கு அதனால் பெரிய பயனில்லை.