பூவைத் திருப்பிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறேன். செப்டம்பர் பிறந்துவிட்டால் சாலையோரமெல்லாம் ஊதாப் பூ. கைபேசிச் செயலி ஒருநாள் 'நியூ இங்கிலாந்து ஆஸ்டர்' என்கிறது, மறுநாள் 'நியூயார்க் ஆஸ்டர்' என்கிறது. அக்கா தங்கை மாதிரி இருக்கும் இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லோரையும்போல நீங்களும் பூவை மேலிருந்துதான் படமெடுத்திருப்பீர்கள். மேலே இரண்டுக்கும் அதே ஊதா, நடுவே அதே மஞ்சள். பூவைத் திருப்பி, காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். நியூ இங்கிலாந்து ஆஸ்டரில் அந்தச் செதில்களிலும் பூக்காம்பிலும் பொடிப்பொடியாகச் சுரப்பி மயிர்கள் உண்டு. தொட்டால் விரல் பிசுபிசுக்கும்; பூவைக் கசக்கினால் டர்பன்டைன் நெடி வரும். நியூயார்க் ஆஸ்டரில் அந்தப் பிசுக்கு கிடையாது. செதில் நுனி வெளிப்பக்கம் வளைந்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள், இரண்டிலுமே வளையும்.

தொட மனமில்லையென்றால் இதழ்களை எண்ணலாம். (நாம் இதழ் என்பது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ, சூரியகாந்தியிலும் அப்படித்தான்.) நியூ இங்கிலாந்து ஆஸ்டரில் பெரும்பாலும் 50 முதல் 75, சிலசமயம் 100கூட. நியூயார்க் ஆஸ்டரில் 15 முதல் 35தான். முன்னதன் தண்டு சொரசொரவென்று மயிரடர்ந்திருக்கும், இலையடி தண்டை இருபுறமும் வளைத்துப் பிடித்திருக்கும். உப்புநீர் ஏறும் சதுப்பில் நிற்கிறது, இரண்டில் ஒன்றுதான் என்றால், நியூயார்க் பக்கம் சாயுங்கள். வேலியோரச் செடி என்றால் எச்சரிக்கை: தோட்டத்து ரகம் தப்பி வந்ததாகவும் இருக்கும்.

'அக்கா தங்கை' என்பதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. 1753-இல், செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இரண்டையும் ஆஸ்டர் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) வைத்தார். 1990-களில் கை நெசம் என்ற தாவரவியலாளர் வட அமெரிக்க ஆஸ்டர்களில் பெரும்பாலானவற்றை அதிலிருந்து பிரித்தெடுத்தபோது இவ்விரண்டும் சிம்ஃபியோட்ரைக்கம் பேரினத்துக்குப் போயின. ஆனால் அதற்குள் வெவ்வேறு கிளையில். நியூ இங்கிலாந்துக்குக் குரோமோசோம் 10, அடிப்படை எண் (ஒரு தொகுதியில் உள்ள குரோமோசோம்கள்) 5. நியூயார்க்குக்கு 48, அடிப்படை எண் 8. நிறம் ஒன்று, வம்சம் வேறு.

நியூ இங்கிலாந்து ஆஸ்டருக்கு நெருங்கிய சொந்தம், சின்னஞ்சிறு வெள்ளைப் பூ பூக்கும் ஹீத் ஆஸ்டர். பார்வைக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அதற்கும் அடிப்படை எண் 5. இரண்டும் காட்டிலேயே கலந்து அமெதிஸ்ட் ஆஸ்டர் என்ற கலப்பினம் உண்டாகிறது.

அடுத்தமுறை பூவின் அடிப்பக்கத்தையும், இலை தண்டோடு சேரும் இடத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். முகம் வேண்டாம்.