ஹெர்மிஸ் விமானந்தாங்கி: கேள்வி பதில்

கேள்வி: உலகின் முதல் விமானந்தாங்கி பிரிட்டனின் ஹெர்மிஸ்தானே?

பதில்: விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல், 1918 ஜனவரியில். ஆனால் ஜப்பானின் ஹோஷோ 1922 டிசம்பரிலேயே சேவைக்கு வந்துவிட்டது. ஹெர்மிஸ் வந்தது 1924இல்.

கேள்வி: விமானமே இல்லாமல் கடலுக்கு அனுப்பியது முட்டாள்தனம் இல்லையா?

பதில்: இல்லை. 1942 ஏப்ரல் 8 இரவு அது போருக்குப் புறப்படவில்லை. ஜப்பானியத் தாக்குதல் வருகிறது என்று தெரிந்து திருகோணமலையைவிட்டு விலகியது. மறுநாள் காலை, துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரி வாம்பயருடன் திரும்பும் வழியில் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. 80க்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. 10.35 அளவில் தாக்குதல் தொடங்கி, சுமார் 20 நிமிடத்தில் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கியது. கப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். அருகே இருந்த மருத்துவக் கப்பல் வீட்டா பலரைக் காப்பாற்றியது.

கேள்வி: விமானங்கள் இருந்திருந்தால் தப்பியிருக்குமே?

கேள்வி: ஆமாம், விமானந்தாங்கிக்கு விமானம்தானே ஆயுதம்?

பதில்: இருவருக்கும் ஒரே பதில். கரையில் விட்டுவந்தவை 814ஆம் விமானப் பிரிவின் ஸ்வோர்ட்ஃபிஷ்கள். துணி போர்த்திய இருதளச் சிறகு விமானங்கள், டோர்பிடோ போடுவதற்கானவை. 1940 ஜூலையில் டாக்காரில் பிரெஞ்சு ரிஷெல்யூ போர்க்கப்பலைச் சேதப்படுத்தியவை இவைதான். வேகமான குண்டுவீச்சு விமானங்களை வானில் தடுக்க அவற்றால் முடியாது. தளத்தில் நின்றிருந்தால் அவற்றின் பெட்ரோலும் டோர்பிடோவும் தீயைத்தான் பெருக்கியிருக்கும். தேவைப்பட்டது கரையிலிருந்து வரும் போர்விமானப் பாதுகாப்பு. கொழும்புக்கு அருகே ரத்மலானையிலிருந்து ஃபுல்மார் போர்விமானங்கள் வந்தபோது கப்பல் மூழ்கிவிட்டது. குறை தேட வேண்டிய இடம் அந்தத் தாமதம்.

கேள்வி: இந்தியாவின் விராட் இதே கப்பலா?

பதில்: இல்லை. அது 1959இல் பிரிட்டனில் சேவைக்கு வந்த, முதலில் இதே பெயர் தாங்கிய இன்னொரு கப்பல்.

கேள்வி: மட்டக்களப்பில் சுழியோடிப் பார்க்கலாமா? என்னிடம் நைட்ராக்ஸ் 32 (32 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்று) இருக்கிறது.

பதில்: தம்பி, அந்த சிலிண்டரோடு இறங்காதீர்கள். சிதைவு கிடப்பது 53 மீட்டர் அளவில். அங்கே அழுத்தம் 6.3 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்). அதில் 32 சதவீத ஆக்சிஜனின் பங்கு மட்டும் 2 பார் ஆகும், பாதுகாப்பான வரம்பு 1.4. தாண்டினால் ஆக்சிஜனே வலிப்பை வரவைக்கலாம். நீருக்கடியில் வலிப்பு வந்தால் மூச்சுவிடும் கருவியான ரெகுலேட்டர் வாயிலிருந்து கழன்றுவிடும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 1.3தான், ஆனால் நைட்ரஜன் மயக்கம் முடிவெடுக்கும் திறனைக் கெடுக்கும். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 126 லிட்டர் இழுப்பார். 200 பாரில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டர் 19 நிமிடத்தில் காலி. உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற ஏறும் வழியில் நின்று வரக் காற்று எதுவும் மிஞ்சாது. ட்ரைமிக்ஸ் 18/45 (18 சதவீத ஆக்சிஜன், 45 சதவீத ஹீலியம், மீதி நைட்ரஜன்), இரட்டைச் சிலிண்டர், அதற்கான பயிற்சி மூன்றும் வேண்டும்.

கேள்வி: 40 மீட்டர் வரை மட்டும் போனால்?

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள். மேல்பகுதியைப் பார்த்தவர் கீழே போகாமல் இருப்பதில்லை. நினைவுக்காக ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள். அது போர்க் கல்லறை.