முதிர்வயதும் கர்த்தர் செய்த நன்மைகளும்: கேள்வி பதில்

முதுமை, நினைவு, ஸ்தோத்திரம் பற்றி சபை அன்பர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: எனக்கு 70 வயது. கர்த்தர் செய்த நன்மைகளை எழுதிவைக்க ஆசை. பேனாவை எடுத்தால் "ஜீவன், சுகம், பெலன் தந்தார்" என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. எப்படி எழுதுவது, ஐயா?

"நன்மை" என்று மொத்தமாக யோசித்தால் மொத்தமாகத்தான் வரும், அம்மா. ஒரு நோட்டு எடுத்து, பத்து வயதுக்கு இரண்டு பக்கம் வீதம் 14 பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்த வயதில் நீங்கள் குடியிருந்த வீட்டைக் குறியுங்கள். வாசல் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கிருந்து வந்தது, அடுத்த வீட்டில் யார் என்று வீடு கண்முன் வந்துவிட்டால் மனிதர்கள் தாங்களாக வருவார்கள்.

பிறகு ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கு வரி: என்ன தேவை இருந்தது, அது எப்போது, யார் மூலமாக உதவி வந்தது, அன்று மனதில் என்ன ஓடியது. மூன்றாவது வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "கர்த்தர் கொடுத்தார்" என்பது உண்மை. யார் கையில் கொடுத்தனுப்பினார் என்பதையும் எழுதினால்தான் நன்றி சொல்ல ஒரு முகம் கிடைக்கும்.

பிறப்பிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம். பெரும்பாலோருக்கு 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள்தான் அடர்த்தியாக இருக்கும், அங்கே ஆரம்பியுங்கள். நாளுக்கு ஒரு சம்பவம், 20 நிமிடம் போதும். ஒரே மூச்சில் எழுத உட்கார்ந்தவர்கள் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

மாதிரிக்கு 136-ம் சங்கீதத்தைப் பாருங்கள். 26 வசனம், செங்கடல், சீகோன், ஓக் என்று பெயர் சொல்லிச் சொல்லி நன்றி. கடைசிக்கு முந்தின வசனத்தில் வருவது அன்றாட ஆகாரம். ராஜாக்களை வீழ்த்தியதும் சோறு போட்டதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. உங்கள் நோட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. "கர்த்தர் நல்லவர், நன்மைகளை நினை" என்று யாராவது சொன்னால் கோபம்தான் வருகிறது. இது பாவமா?

இல்லை, சகோதரி. கசப்பை மறைத்துக்கொண்டு நன்மையை நினைக்கும்படி வேதம் யாரையும் கேட்கவில்லை.

யாக்கோபைப் பாருங்கள். 130 வயதில் பார்வோன் முன் நின்று, தன் ஆயுசு நாட்கள் "கொஞ்சமும் சஞ்சலமும்" என்றான். 147 வயதில், சாவதற்குச் சற்று முன், "நான் பிறந்த நாள் முதல் இந்நாள்வரைக்கும் என்னை ஆதரித்துவந்த தேவன்" என்கிறான். இடையில் ஓடியது 17 வருடம். அவன் மகன் யோசேப்பு விற்கப்பட்டதும் 17 வயதில்தான். மகன் கூடவே இருந்த முதல் 17 வருடத்துக்குச் சமமாக, கடைசியில் இன்னொரு 17 வருடம் தகப்பனுக்குக் கிடைத்தது.

முக்கியமானது அடுத்து வருவது. அதே ஆதியாகமம் 48-ல், பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும் முன், மனைவி ராகேல் வழியில் இறந்ததையும் அவளைப் பாதையோரம் அடக்கம்பண்ணியதையும் யாக்கோபு சொல்கிறான். அத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வலி அவன் பேச்சில் இருக்கிறது. நன்றிக்கு இடம்விட அதை அவன் அழிக்கவில்லை.

ஆகையால் உங்கள் கணவரை ஒதுக்கிவிட்டு நன்மைகளை எண்ண முயலாதீர்கள். அவர் மூலம் வந்தவற்றையே முதலில் எழுதுங்கள். முடியாத நாளில் முடியவில்லை என்றே எழுதுங்கள். கணவனை இழந்த நகோமி "கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்" என்று புலம்பியபோது மருமகள் ரூத் அவள் பக்கத்திலேதான் நின்றாள். அப்போது அவள் கண்ணுக்கு அது படவில்லை. அதற்காக யாரும் அவளைக் கண்டிக்கவும் இல்லை.

கேள்வி: இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. பழைய தவறுகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த நேரத்தில் என்ன செய்ய?

77-ம் சங்கீதம் அந்த நேரத்துக்கென்றே எழுதினதுபோல் இருக்கும். அதைப் பாடிய ஆசாப் தேவனை நினைக்கிறான், அலறுகிறான். நினைப்பதே அவனுக்கு முதலில் பாரமாகிறது. பத்தாம் வசனத்துக்குப் பிறகுதான் திரும்புகிறான். தேவன் கைவிட்டாரோ என்ற கேள்விகளை விட்டு, கர்த்தருடைய செயல்களைச் சொல்லத் தொடங்குகிறான்.

தூக்கக் கலக்கத்தில் நன்மையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. முதல் பதிலில் சொன்ன நோட்டிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, படுக்குமுன் தலைமாட்டில் வையுங்கள். விழித்தால் அதை மட்டும் வாசியுங்கள். தவறுகளைப் பொறுத்தவரை, அறிக்கையிட்டதை மீண்டும் மீண்டும் அறிக்கையிட வேண்டியதில்லை (1 யோவான் 1:9). சம்பந்தப்பட்டவர் உயிரோடிருந்தால் பகலில் பேசுங்கள். இரவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். விழிப்பு தினமும் தொடர்ந்தால் மருத்துவரிடமும் சொல்லுங்கள், மாத்திரை சாப்பிடும் நேரம்கூடக் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: "பின்னானவைகளை மறந்து" என்று பவுல் சொல்கிறாரே. பழையதை நினைப்பது தவறில்லையா?

பிலிப்பியர் 3-ல் அவர் தள்ளிவிடுவது தம் குலப்பெருமையையும் நியாயப்பிரமாணத் தகுதிகளையும்; 5, 6 வசனங்களில் பட்டியலே இருக்கிறது. அதே நிருபத்தின் 1:3-ல் விசுவாசிகளை நினைத்து நினைத்து ஸ்தோத்திரம் செய்கிறார்.

கேள்வி: பேரப்பிள்ளைகளிடம் சாட்சி சொன்னால் காதில் வாங்குவதில்லை.

யோசுவா 4-ஐ வாசியுங்கள். யோர்தானிலிருந்து எடுத்த 12 கற்களை நாட்டியது, பிள்ளைகள் "இது என்ன?" என்று கேட்பதற்காக. கேள்வி முதலில், கதை பிறகு. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

பழைய கடிதம், கைக்கடிகாரம், ஓரம் கிழிந்த வேதாகமம் என்று ஒரு பொருளைப் பார்வையில் படும்படி வையுங்கள். கேட்டால் மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். நீங்கள் பயந்ததையும் சொல்லுங்கள். பயமே இல்லாத தாத்தாவைப் பிள்ளைகள் நம்புவதில்லை. உதவி வந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். "அதனால் நீயும்..." என்று ஆரம்பித்த கணத்தில் சாட்சி பிரசங்கமாகிவிடும். "எங்கள் காலத்தில்" என்ற ஒப்பீடும் வேண்டாம். முந்தின நாட்கள் ஏன் நலமாயிருந்தன என்று கேட்பது ஞானமல்ல என்கிறது பிரசங்கி 7:10.

கேள்வி: அம்மாவுக்கு 84 வயது. மறதி நோய். எங்களையே அடையாளம் தெரியவில்லை. கர்த்தர் செய்த நன்மையை அவர்களுக்கு எப்படி நினைப்பூட்டுவது?

ஏசாயா 46-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். பேல், நேபோ என்ற விக்கிரகங்களைச் சுமந்து மிருகங்கள் இளைத்துப்போகின்றன. அதற்கு எதிராகவே "நரைவயது மட்டும் நான் உங்களைத் தாங்குவேன்" என்ற வாக்கு வருகிறது. பிடித்துக்கொள்ளும் பொறுப்பு அம்மாவின் ஞாபகத்தின் மேல் இல்லை.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம், பத்து நிமிடம். அவர்கள் இளவயதில் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பையே வாசியுங்கள். புதிய நடை காதுக்கு அந்நியமாக இருக்கும். 23-ம் சங்கீதம் போதும், தினமும் அதுவே இருக்கட்டும். "நான் யார் தெரியுமா?", "இது எந்த வசனம்?" என்று சோதிக்காதீர்கள், பதில் வராதபோது வரும் பதற்றம் அந்த நாளையே கெடுத்துவிடும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்குப் பழகின பாட்டின் முதல் அடியை வழக்கத்தைவிட மெதுவாகப் பாடி நிறுத்துங்கள். பேச்சு குறைந்துபோனவர்களுக்கும் பாட்டு வருவதுண்டு. சொல் மாறிப் பாடினால் திருத்த வேண்டாம். உதடு மட்டும் அசைந்தாலும் அது பாட்டுதான்.

ஜெபத்தின் முடிவில் "ஆமென்" என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பத்து எண்ணும்வரை பொறுத்திருங்கள், அவர்கள் சொல்லட்டும்.