ராத்திரி பாக்கெட்டும் வெயில்கால ஜூஸும்

கேள்வி: எனக்கு வயது 41. வெயில் காலத்தில் வீட்டில் பழம் குவிகிறது. பாதிக்கு மேல் ஜூஸாகத்தான் போகிறது. மழையும் குளிரும் வந்துவிட்டால் பழத்தைப் பார்க்கவே பிடிப்பதில்லை. பிஸ்கட், கேக், சாக்லேட் என்று கை போகிறது. வருஷத்துக்கு இரண்டு முறையாவது ‘இனி இனிப்பே தொடமாட்டேன்’ என்று சபதம் எடுக்கிறேன். போன முறை பத்தாம் நாள் ராத்திரி, விளக்குகூடப் போடாமல் சமையலறையில் நின்றபடியே ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்தேன். ‘பழத்திலும் சர்க்கரைதானே, எதைத் தின்றால் என்ன?’ என்கிறார் கணவர். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. வருஷம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிட வழி உண்டா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அந்த விளக்கு போடாத சமையலறை எனக்கும் பழக்கம்தான். மாவு டப்பாவுக்குப் பின்னால் சாக்லேட் ஒளித்துவைத்து, அதை நானே தேடிக் கண்டுபிடித்தது போல நடித்த காலமெல்லாம் உண்டு. அதனால் திட்டப்போவதில்லை.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. அவர் சொல்வது பாதி சரி, பழத்தில் இருப்பதும் சர்க்கரையேதான். ஆனால் அது எந்த உருவத்தில் உள்ளே போகிறது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. 1977ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுசாகவும், மசித்தும், ஜூஸாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் சர்க்கரை ஒரே அளவுதான். முழு ஆப்பிளைத் தின்பதைவிட 11 மடங்கு வேகத்தில் ஜூஸைக் குடித்து முடித்துவிட்டார்கள். வயிறு நிறைந்த உணர்வும் முழு ஆப்பிளில்தான் அதிகம். ஜூஸ் குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாக ஏறி, ரத்தச் சர்க்கரை பிறகு சரசரவென்று கீழே இறங்கியது. அந்த இறக்கத்தில் மறுபடி ஏதாவது கொறிக்கத் தோன்றினால் ஆச்சரியமில்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் இப்படித்தான் பிரிக்கிறது. முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையை அது கட்டுப்படுத்தச் சொல்லவில்லை. நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழ ஜூஸ் ஆகியவற்றைத்தான் ஒரே கூடையில் போட்டு, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், கிட்டத்தட்ட 12 டீஸ்பூன். முடிந்தால் அதிலும் பாதி போதும் என்கிறது. ‘சர்க்கரையே போடவில்லையே’ என்று நீங்கள் நிம்மதியாகக் குடித்த ஜூஸும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறது, பார்த்தீர்களா?

ஆனால் நீங்கள் ஜூஸ் போடுவது ஆசையால் இல்லை என்று நினைக்கிறேன். எல்லாம் ஒரே நாளில் பழுத்து நிற்கிறது, அழுகிவிடுமே என்ற பயத்தில்தான் மிக்ஸியைத் தொடுகிறீர்கள். அப்படியென்றால் சிக்கல் வாங்குகிற இடத்தில் இருக்கிறது. வாழை, மாம்பழம், பேரிக்காய், பப்பாளி எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும். இவற்றில் இரண்டைப் பழமாகவும் நாலைக் காயாகவும் வாங்குங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வரும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, ஸ்ட்ராபெர்ரி அப்படியில்லை. பறித்தபோது இருந்த இனிப்புதான் கடைசிவரை. புளிக்கிற திராட்சையை நாலு நாள் வைத்தால் இனிக்காது, சுருங்கத்தான் செய்யும். பழுத்த வாழையும் ஆப்பிளும் எத்திலீன் என்ற வாயுவை விட்டுப் பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைத்துவிடும். அவசரமாகப் பழுக்க வேண்டிய காயை அவற்றோடு காகிதப் பையில் போடுங்கள், மற்றதைத் தள்ளி வையுங்கள்.

அப்படியும் மிஞ்சினால் ஃப்ரீசர் இருக்கிறது. திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து உறையவிடுங்கள். கல் மாதிரி இருப்பதால் ஒவ்வொன்றாக வாயில் அடக்கித்தான் தின்ன முடியும். பத்துப் பழத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். வெயிலுக்கு இதைவிடச் சுகம் வேறில்லை. (சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும்.)

உலர்திராட்சை பற்றி ஒரு வார்த்தை. சுமார் நாலு கிலோ பழம் காய்ந்துதான் ஒரு கிலோ ஆகிறது. கைப்பிடி அள்ளும்போது அது நினைவிருக்கட்டும்.

இப்போது குளிர்காலம். பழம் பிடிக்காமல் போனதற்கு உங்கள் நாக்கைக் குறை சொல்லாதீர்கள். பல் கூசுகிற குளிரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஆப்பிளை யார் கடிப்பார்கள்? போதாததற்கு, ஜில்லென்று இருக்கும் பழத்தில் வாசனையும் எழாது. அதைச் சூடாக்கிவிடுங்கள். ஆப்பிளையோ பேரிக்காயையோ தோலோடு பெரிய துண்டுகளாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர், ஒரு துண்டு பட்டை போட்டு மூடி, சிறுதீயில் வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஓரங்கள் கரைந்து நடு மட்டும் உருத்தெரிய நிற்கும், வீடே மணக்கும். கொதிக்கக் கொதிக்க ருசி பார்த்துவிட்டு ‘இனிப்பு போதவில்லை’ என்று சர்க்கரை டப்பாவைத் திறக்காதீர்கள். பழத்தில் இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை சூட்டில் குறைவாகவும் ஆறினால் கூடுதலாகவும் இனிக்கும். வெதுவெதுப்பான பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

கேக்கும் சாக்லேட்டும்? சாப்பிடுங்கள், ஆனால் சபதத்தை விட்டுவிட்டு. ‘இனி தொடமாட்டேன்’ என்று சொன்ன நாளிலிருந்துதானே அந்தப் பாக்கெட் உங்கள் தலைமாட்டில் வந்து உட்கார்கிறது! வாரத்தில் இரண்டு மூன்று நாள், உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றை மட்டும், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, தட்டில் வைத்து, உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் போவதைவிட அப்போது சர்க்கரை மெதுவாக ஏறும். முதல் இரண்டு மூன்று வாயில் இருக்கும் ருசி அதன்பிறகு மங்கிவிடுவதையும் உட்கார்ந்து தின்றால்தான் கவனிப்பீர்கள். இருட்டில் நின்றுகொண்டு தின்றால் பாக்கெட் தீர்ந்ததுதான் தெரியும். சுமாரான பிஸ்கட்டை வீட்டிலேயே வைக்காதீர்கள். பிடிக்காததைத் தின்று கணக்கைக் கெடுத்துக்கொள்வது எனக்குக் கட்டோடு பிடிக்காது.

பிற்பாடு எப்போதாவது ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருந்தால், இந்த அளவெல்லாம் செல்லாது. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மிக்ஸியின் ஜூஸ் ஜாரைக் கழுவித் துடைத்து, ஸ்டூல் போட்டால்தான் எட்டும் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். ஸ்டூலைத் தேடுவதற்குள் பாதிப் பழம் தின்று முடிந்திருக்கும்.