நின்னு போய் மறுபடி பட்டா அந்த நோன்பு செல்லுமா? ரமலான்ல வர்ற ஹைளு (மாதவிடாய்) சந்தேகங்கள்

ஒரு சகோதரி அனுப்புன கேள்வி இது: "எனக்கு வழக்கமா ஏழு நாள். ஆறாம் நாள் ராத்திரி நின்ன மாதிரி இருக்கும், குளிச்சிட்டு மறுநாள் நோன்பு வைப்பேன், அந்த நோன்பும் முழுசா முடிஞ்சிடும். அதுக்கு அடுத்த நாள் மதியம் பிரவுன் கலர்ல படும். அப்போ வெச்ச நோன்பு செல்லுமா? இந்த வருஷம் ரமலான் கடைசி பத்து நாள்லதான் டேட் வருது, 27ஆம் இரவு (லைலத்துல் கத்ர்ங்கிற மகத்துவமான இரவா எதிர்பாக்குறது) கை விட்டுப் போயிடுமேன்னு அழுகையா வருது. மாத்திரை போட்டு தள்ளிப் போடுன்னு நாத்தனார் சொல்றாங்க. போன வருஷ களா (விட்டுப் போனதைப் பின்னாடி வைக்கிறது) நாலு நோன்பு வேற பாக்கி இருக்கு."

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. இந்த நாலு கேள்வியும் ஒவ்வொரு ரமலான்லயும் யாராவது ஒருத்தர் கேட்டுட்டேதான் இருக்காங்க, அதுல பாதிப் பேர் ஆலிம்சாகிட்ட கேக்க வெக்கப்பட்டு வருஷக்கணக்கா மனசுலயே வெச்சிருந்தவங்க. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல அந்த பிரவுன் விஷயம். ஹைளோட அதிகபட்ச நாள் ஹனஃபி மத்ஹப்ல (மத்ஹப்னா மார்க்கச் சட்டப் பிரிவு) 10, ஷாஃபில 15. குறைஞ்சபட்சம் ஹனஃபில மூணு நாள், ஷாஃபில ஒரு பகல் ஒரு இரவு. இந்த அதிகபட்சத்துக்குள்ள வர்ற பிரவுன், மஞ்சள் எல்லாமே ஹைளு கணக்குதான், இதுல ரெண்டு மத்ஹபும் ஒண்ணாதான் சொல்லுது. நடுவுல ஒரு நாள் காஞ்சு கிடந்துச்சே அது சுத்தமில்லையான்னு கேட்டா, மறுபடி பட்டது அந்த 10 இல்ல 15 நாளுக்குள்ள இருந்தா நடுவுல விட்ட நாளும் ஹைளோட சேர்ந்துடும். உங்களுக்கு எட்டாம் நாள் பட்டிருக்கு, அதனால ஏழாம் நாள் வெச்ச நோன்பை களா செய்யணும். ஆனா ஒண்ணு, அந்த நோன்பை வெச்சது தப்பே இல்ல. நின்னுடுச்சுன்னு கண்ணுல தெரிஞ்சா குளிச்சு தொழுது நோன்பு வைக்கிறதுதான் கடமை, மறுபடி படுமோன்னு ஊகம் பண்ணி உக்காந்திருக்கக் கூடாது. பட்டுச்சா, விட்டுடுங்க, நின்னுச்சா, திரும்ப குளிங்க, அவ்வளவுதான்.

மத்ஹப் பாக்காம நேரடியா ஹதீஸை எடுக்குறவங்க இங்க வேற மாதிரி சொல்வாங்க. சுத்தமானதுக்கு அப்புறம் வர்ற மஞ்சளையும் கலங்கலையும் நாங்க ஒரு பொருட்டா எடுக்க மாட்டோம்னு நபித்தோழி உம்மு அதிய்யா ரலியல்லாஹு அன்ஹா சொன்னது அபூதாவூத் ஹதீஸ் நூல்ல இருக்கு, அதை வெச்சு அந்த நோன்பு செல்லும்னு சொல்வாங்க. நீங்க எதைப் பின்பற்றி தொழுறீங்களோ அதுலயே நில்லுங்க, நோன்புக்கு ஒண்ணு தொழுகைக்கு ஒண்ணுன்னு வசதிக்கு மாத்திக்கிட்டே இருந்தா குழப்பம்தான் மிஞ்சும். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைப் பக்கம் பெரும்பாலும் ஷாஃபி, வாணியம்பாடி ஆம்பூர் பக்கம் ஹனஃபி, கல்யாணம் ஆகிப் போன வீட்டுல மத்ஹப் வேறயா இருந்து மாமியார் ஒரு சட்டம் உம்மா ஒரு சட்டம்னு சொல்லி நடுவுல மாட்டிக்கிற பொண்ணுங்க நிறைய பேரு. யார் சொன்னதும் பொய் இல்ல, நீங்க எதுலன்னு முடிவு பண்ணிக்கணும், அவ்வளவுதான்.

நின்னுடுச்சான்னு எப்படி தெரியும்? ரெண்டு அடையாளம், ஒண்ணு வெள்ளையா ஒரு திரவம் வரும், இல்லன்னா பஞ்சு வெச்சுப் பாத்தா கறையே இல்லாம சுத்தமா வரும். எல்லாருக்கும் வெள்ளை வராது, அதனால அதுக்காகவே காத்திருக்க வேணாம். அந்தக் காலத்துல பெண்கள் மஞ்சள் பட்ட பஞ்சை டப்பால வெச்சு நபியவங்க மனைவி ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹாகிட்ட அனுப்பிக் கேட்டாங்க, வெள்ளையைப் பாக்குற வரைக்கும் அவசரப்படாதீங்கன்னு அவங்க பதில் சொல்லி அனுப்புனாங்க. இதெல்லாம் அன்னைக்கே தயங்காம கேட்ட கேள்விங்க. உங்களுக்கு வழக்கமா ஆறாம் நாள் நின்னு எட்டாம் நாள் திரும்ப வருதுன்னா, பேட்ல கறை இல்லன்னு மட்டும் பாத்து முடிவு பண்ணாம தூங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சஹருக்கு எந்திரிச்ச உடனே ஒரு தடவை பஞ்சு வெச்சுப் பாருங்க. பாதிப் பேருக்கு இதுலயே பிரச்சினை தீர்ந்துடும், ஏன்னா அவங்களுக்கு உண்மையில நிக்கவே இல்ல, குறைஞ்சிருக்கும்.

சுபுஹு பாங்குக்கு கொஞ்சம் முன்னாடிதான் நின்னுச்சு, குளிக்க நேரமில்லன்னா? ஷாஃபில, பாங்குக்கு முன்னாடி நின்னு, நிய்யத்தும் (நோன்பு வைக்கிறேங்கிற எண்ணம்) வெச்சுட்டா போதும், குளிப்பை பாங்குக்கு அப்புறம் வெச்சுக்கலாம், நோன்பு செல்லும். ஹனஃபில, 10 நாள் முழுசா ஆகாம நின்னா, குளிச்சு முடிச்சு ஒரு தக்பீர் சொல்ற அளவு நேரமாவது பாங்குக்கு முன்னாடி மிச்சம் இருந்திருக்கணும், அது இல்லன்னா அந்த நாள் கணக்குல வராது. ரெண்டுலயும் சுபுஹு தொழுகை தப்பாம சூரியன் உதிக்கிறதுக்குள்ள குளிச்சாகணும்.

இதுக்கு எதிர்ப்பக்கம், மஃரிபுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது பட்டுச்சுன்னா அந்த நோன்பு போச்சு, களா செய்யணும், நாள் பூரா பசிச்சு கிடந்தோமேன்னு மனசு ஆறாதுதான், ஆனா அந்தப் பசிக்கு அல்லாஹ்கிட்ட கூலி இருக்கும்னு நம்புவோம். வயிறு வலிச்சுச்சு, இடுப்பு கடுத்துச்சு, ஆனா ரத்தம் கண்ணுல பட்டது நோன்பு திறந்த அப்புறம்தான்னா நோன்பு முழுசா செல்லும், சந்தேகப்பட்டு களா செய்ய வேணாம்.

தொழுகைல ஒரு சின்ன விஷயத்தை நிறைய பேரு விட்டுடுறாங்க. அஸர் நேரத்துல சுத்தமானா ஷாஃபி சட்டப்படி லுஹரையும் சேர்த்து தொழணும், இஷா நேரத்துல ஆனா மஃரிபையும் சேர்த்து. ஹனஃபில அந்த வக்து (நேரம்) தொழுகை மட்டும் போதும். மத்தபடி ஹைளு நாள்ல விட்ட தொழுகைக்கு களா கிடையாது, நோன்புக்கு மட்டும்தான், இதை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹாவே முஆதாங்கிற பெண்மணிக்கு சொன்னது முஸ்லிம்ங்கிற ஹதீஸ் நூல்ல இருக்கு.

10 நாளோ 15 நாளோ தாண்டியும் நிக்கலன்னா அது இஸ்திஹாளா, நோய் ரத்தம். நோன்பு வைக்கணும், ஒவ்வொரு வக்துக்கும் பேட் மாத்தி ஒளு செஞ்சு தொழணும். ஹனஃபில உங்க பழைய வழக்கம் ஏழுன்னா ஏழோட நிறுத்தி, எட்டாம் நாள்ல இருந்து விட்ட தொழுகையெல்லாம் களா செய்யச் சொல்வாங்க. ஷாஃபில ரத்தத்தோட கலர், கெட்டி எல்லாம் பாத்து கணக்கு போடுவாங்க, அதை எழுத்துல சொல்லி முடியாது, தேதியோட போய் ஒரு ஆலிமாகிட்ட உக்காந்து கேளுங்க. அதுக்குத்தான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்குறேன், போன்லயோ காலண்டர்லயோ ஆரம்பிச்ச நாள், நேரம், நின்ன நாள், நேரம் குறிச்சு வைங்க. காப்பர்-டி வெச்சவங்க, பிசிஓடி இருக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். அப்படியே ஒரு லேடி டாக்டரையும் பாருங்க, அத்தனை நாள் ரத்தம் போறது ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) பிரச்சினை மட்டும் இல்ல.

சரி, 27ஆம் இரவு. அழாதீங்க. ஹஜ்ஜுக்குப் போற வழில ஸரிஃப்ங்கிற இடத்துல ஹைளு வந்து ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அழுதாங்க, அப்போ நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம், இது ஆதமுடைய பெண்மக்கள் மேல அல்லாஹ் விதிச்ச ஒண்ணு, தவாஃப் (கஃபாவைச் சுத்தி வர்றது) தவிர ஹாஜிங்க செய்யிற எல்லாத்தையும் செய்யின்னு சொன்னாங்க. விதிச்சவனே அவன்தான், அந்த நாள்ல நோன்பு விடுறதும் அவன் சொல்லித்தான், நோன்பு வெச்சா கீழ்ப்படியிறது மாதிரி விட்டாலும் கீழ்ப்படியிறதுதான். லைலத்துல் கத்ர் கிடைச்சா என்ன சொல்லணும்னு இதே ஆயிஷா கேட்டதுக்கு கிடைச்ச பதில் ஒரு துஆ, "அல்லாஹும்ம இன்னக அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஃபு அன்னீ". இதுக்கு குளிப்பும் வேணாம் ஒளுவும் வேணாம். திக்ரு, ஸலவாத், இஸ்திக்ஃபார், தர்மம், பயான் கேக்குறது, ராத்திரி பூரா முழிச்சிருந்து துஆ கேக்குறது எதுக்கும் தடை இல்ல. எல்லாரும் தராவீஹுக்குப் போனதும் வீடு அமைதியா இருக்கும், அந்த நேரத்தை எடுத்துக்குங்க.

குர்ஆன் ஓதுறதுல ஹனஃபி, ஷாஃபி ரெண்டும் கூடாதுன்னுதான் சொல்லுது, மாலிகி மத்ஹப்ல ஓதலாம்னு இருக்கு, இமாம் புகாரியோட சாய்வும் அந்தப் பக்கம்தான். முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) தொடுறது பொதுவா நாலு மத்ஹப்லயும் கிடையாது. ஆனா ஓதுற நிய்யத் இல்லாம துஆவா, திக்ரா ஆயத்துல் குர்ஸி, ரப்பனா ஆதினா சொல்றதுக்கு ரெண்டுலயும் இடம் இருக்கு. போன்ல வெச்சு ஓதக் கேக்குறதோ, நாக்கு அசைக்காம கண்ணால பாக்குறதோ பிரச்சினையே இல்ல.

வீட்டு ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நோன்பு இல்லாதவதானேன்னு சஹர் சமையல், கஞ்சி காய்ச்சுறது, சமோசா பொரிக்கிறது, பாத்திரம் எல்லாத்தையும் அவ தலைல கட்டுறது அநியாயம், இடுப்பு வலியோட நிக்கிறவ அவதான். நோன்பாளிக்கு உணவு கொடுத்தா அதே நன்மை உண்டுன்னு ஹதீஸ் இருக்கு, அது ஆம்பளைங்களுக்கும் சேர்த்துதான். அதே மாதிரி மச்சான், மாமனார் பாத்துடுவாங்கன்னு நோன்பு மாதிரி நடிச்சு மஃரிபு வரைக்கும் தண்ணி கூட குடிக்காம கிடக்குறது வேணாம். ஒரு ஓரமா உக்காந்து நல்லா சாப்பிடுங்க, தண்ணி குடிங்க. இடையில சுத்தமான நாள்ல மட்டும், மிச்சப் பொழுதை சாப்பிடாம கழிக்கணும்னு ஹனஃபில இருக்கு, ஷாஃபில அது சுன்னத்துதான் (செஞ்சா நல்லது), கடமையில்ல, எப்படியும் அந்த நாள் களாதான்.

மாத்திரை. மார்க்கப்படி உடம்புக்குக் கேடு இல்லன்னா போடலாம், ரத்தம் வராத நாள்ல வெச்ச நோன்பு செல்லும். என் அபிப்ராயம் கேட்டா வேணாம்னுதான் சொல்வேன். வழக்கமா டாக்டருங்க எழுதுறது நோரெத்திஸ்டெரோன் 5 மில்லிகிராம், தினம் மூணு வேளை, டேட்டுக்கு மூணு நாள் முன்னாடி ஆரம்பிக்கணும், நிறுத்துன ரெண்டு மூணு நாள்ல வந்துடும். ரத்தம் உறையிற பிரச்சினை இருந்தவங்க, ஈரல் நோய், மார்பகப் புற்றுநோய் இருந்தவங்க போடவே கூடாது. அதுவும் போக, மாத்திரைக்கு நடுவுலயே சொட்டு சொட்டா பட்டு இது ஹைளா இல்லையான்னு புதுசா ஒரு குழப்பம் வரும், இப்பவே நின்னு நின்னு வர்ற உங்களுக்கு அது தேவையா? போட்டே ஆகணும்னா நாத்தனார் சொன்னாங்கன்னு மெடிக்கல்ல வாங்காம டாக்டரைப் பாத்துட்டு வாங்குங்க.

பாக்கி நாலு களாவை இந்த ரமலானுக்கு முன்னாடி ஷஃபான் மாசத்துலயே முடிச்சிடுங்க, ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹாவும் தனக்கு ஷஃபான்லதான் முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்காங்க. தொடர்ச்சியா வைக்கணும்னு இல்ல, வாரத்துக்கு ரெண்டு, திங்கள் வியாழன்னு வைக்கலாம், நிய்யத் மட்டும் ராத்திரியே களான்னு வைக்கணும். காரணம் இல்லாம அடுத்த ரமலானைத் தாண்டுனா ஷாஃபில களாவோட, ஒரு நோன்புக்கு ஒரு முத்து (முத்துங்கிறது ஒரு அளவு) அரிசி ஏழைக்குக் கொடுக்கணும், ஹனஃபில களா மட்டும் போதும். கர்ப்பம், உடம்பு சரியில்லன்னு தள்ளிப் போச்சுன்னா அந்த முத்தும் இல்ல. இந்த வருஷம் விடுறதுக்கு ஷவ்வால் ஆறு நோன்போட குழப்பிக்காம முதல்ல களா, அப்புறம் ஆறு.

பெருநாள் அன்னைக்கும் நிக்கலன்னா வீட்டுல முடங்க வேணாம், ஈத்கா திடலுக்குப் போங்க. ஹைளு வந்தவங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லித்தான் நபியவங்க கட்டளை இட்டாங்க, தொழுற இடத்துல இருந்து மட்டும் கொஞ்சம் தள்ளி உக்காந்து தக்பீர் சொல்லுங்க, குத்பாவைக் கேட்டு துஆல கலந்துக்குங்க.