அனோரெக்ஸியா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் மனநோய்) நோயாளி வார்டில்: செவிலியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எலும்பும் தோலுமாக அட்மிட் ஆகிறவருக்கு முதல் நாளே நிறையக் கொடுத்துத் தேற்றினால் என்ன?

பதில்: உயிருக்கே உலை வைத்துவிடும். பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து போனதும் இன்சுலின் ஏறும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செல்லுக்குள் போய்விடும். இதயத்துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசை சோரும். இதுதான் ரீஃபீடிங் சிண்ட்ரோம். அட்மிஷன் அன்று பாஸ்பேட் நார்மல் என்று வந்த ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். ஊட்டத் தொடங்கிய பிறகுதான் இறங்கும். முதல் வாரம் தினமும் ரத்தம் எடுக்க வேண்டும். தயமின் (வைட்டமின் பி1) முதல் உணவுக்கு முன்பே போக வேண்டும், குளுக்கோஸ் டிரிப்புக்கும் அப்படித்தான். இல்லாவிட்டால் மூளை பாதிக்கும்.

அதற்காகப் பயந்து பல நாள் அரைகுறையாக ஊட்டுவதும் ஆபத்துதான். அளவை டாக்டரும் டயட்டீஷியனும் முடிவு செய்வார்கள். உள்ளே போனதை எழுதுவது நம் வேலை. "ஓரளவு சாப்பிட்டார்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "200 மில்லி பாலில் 120 குடித்தார், 35 நிமிடம் ஆனது" என்று எழுதுங்கள்.

கேள்வி: ராத்திரி சர்க்கரை 50க்கு இறங்கினால் குளுகோகான் ஊசி போடலாமா?

பதில்: அதை நம்ப முடியாது. ஈரலில் கிளைகோஜன் (சேமித்த சர்க்கரை) இருந்தால்தானே அந்த ஊசி வேலை செய்யும்? பட்டினியில் அது தீர்ந்திருக்கும். விழிப்பாக இருந்தால் வாய்வழி குளுக்கோஸ், மயக்கமானால் டாக்டரைக் கூப்பிட்டு ரத்தக்குழாய் வழியே டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்). 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். குளுக்கோஸ் போனதும் இன்சுலின் எகிறித் திரும்பவும் இறங்கலாம். அதனால் தேறியதும் கையோடு உணவும் வேண்டும்.

கேள்வி: ஒரே நாளில் எடை ஒன்றரை கிலோ கூடியது. சந்தோஷப்படலாமா?

பதில்: ஒரு நாளில் அவ்வளவு சதை போடாது. கால் வீங்கியிருக்கிறதா என்று முதலில் அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் எடையைக் கூட்டிக் காட்ட முன்னதாக நிறையத் தண்ணீர் குடித்திருக்கலாம்: சிறுநீரின் அடர்த்தி எண் 1.005 போலக் குறைந்திருந்தால் சந்தேகப்பட்டு ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அது வெகுவாக இறங்கினால் வலிப்பு வரும். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, கவுன் மட்டும் போட்டு, அதே மெஷினில் எடை பாருங்கள்.

கேள்வி: நாடித்துடிப்பு 38. ஆனால் சுறுசுறுப்பாக நடக்கிறார்.

பதில்: அந்தச் சுறுசுறுப்பும் நோயின் ஒரு முகம்தான். உடனே உட்கார வைத்து இசிஜி எடுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சாப்பிட்டு முடித்ததும் பாத்ரூம் போகக் கேட்டால்?

பதில்: சாப்பிட்டதை வாந்தியெடுக்கப் போகலாம். அதனால் சாப்பாட்டுக்கு முன்பே போய்வரச் சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். விதியை முன்கூட்டியே சொல்லி, எல்லா ஷிஃப்டிலும் ஒரே மாதிரி நடத்துங்கள். ஒரு ஷிஃப்ட் தளர்த்தினால் அடுத்த ஷிஃப்ட்காரர் வில்லன் ஆகிவிடுவார். அந்த நேரத்தில் கலோரி, எடைப் பேச்சு வேண்டாம். "முகம் தெளிஞ்சிருக்கே" என்று பாராட்டினால்கூட "குண்டாகிவிட்டேன்" என்றுதான் அவர் காதில் விழும். சீட்டாட்டமோ டிவியோ போதும்.

கேள்வி: மூக்கு ட்யூபில் ஃபீட் முழுக்கப் போகிறது, எடை ஏறவில்லை.

பதில்: ட்யூபின் இணைப்பைக் கழற்றித் தலையணையிலோ வாஷ்பேசினிலோ விடுகிறாரா என்று பாருங்கள். படுக்கையில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பதும் கலோரியைத் தின்னும். ட்யூப் நகர்ந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஃபீடை நிறுத்தி, உறிஞ்சியெடுத்த திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறைவாக இருந்தால் ட்யூப் இரைப்பையில் இருக்கிறது) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மறுபடி தொடங்குங்கள்.