பத்து மணிக்குக் கிளம்பினால் போதுமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நானும் மனைவியும் வெப்பமண்டலக் கடலில் 36 அடி பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். இருவருக்கும் படகு ஓட்டத் தெரியும், ஆனால் தீவு விட்டுத் தீவு போனதில்லை. அடுத்த தீவு 28 கடல் மைல். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாமா?"

காற்று ஒத்துழைத்தால் போய்விடலாம். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது இருட்டுக்கு அல்ல, சாயங்கால வெயிலுக்கு.

பவளப் பாறை இருக்கும் கடலில் கரையை நெருங்கும்போது வரைபடத்தை மட்டும் நம்ப முடியாது, கண்ணால் பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் ஆழம் குறைந்த மணல், பழுப்புத் திட்டு தெரிந்தால் பாறையோ கடற்புல்லோ, எதுவாக இருந்தாலும் பக்கத்தில் போகாதீர்கள். இந்த நிறமெல்லாம் சூரியன் உச்சியிலோ முதுகுப்பக்கமோ இருக்கும்போதுதான் தெரியும். வெயில் சாய்ந்து முகத்தில் அடித்தால் தண்ணீர் முழுக்கத் தகரம் மாதிரி மின்னும், பாறை இருக்கிற இடமும் இல்லாத இடமும் ஒரே மாதிரி இருக்கும். ஒருமுறை ஐந்து மணிக்கு மேற்கு நோக்கி ஒரு விரிகுடாவுக்குள் நுழைந்து, ஆழமானி 12 மீட்டரிலிருந்து சடாரென்று 3 மீட்டருக்கு வந்ததைப் பார்த்து உறைந்துபோய் நின்றிருக்கிறேன். தண்ணீரின் மினுமினுப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி உதவும், அதற்காக அது மந்திரக்கோல் இல்லை.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். நங்கூரம் இரண்டரை மணிக்குள் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அளவு படகு சராசரியாக 5 நாட் போகும், அதாவது மணிக்கு 5 கடல் மைல். 28 மைலுக்கு ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நங்கூரம் தூக்க, பாய் ஏற்ற, உயரமான தீவின் மறைவில் காற்றில்லாமல் நிற்க என்று இன்னொரு மணி நேரம். கொஞ்சம் நேரம் கையில் வைத்துக்கொண்டு ஏழரைக்கே கிளம்பியாக வேண்டும், பத்து மணிக் கணக்கு நாலரையைத் தாண்டிவிடும். நுழைவாயில் கிழக்குப் பக்கம் இருந்தால் நீங்கள் மேற்கு பார்த்து நுழைவீர்கள், மதியத்துக்கு மேல் சூரியன் நேர் எதிரே, அப்போது இதைவிடவும் முன்னாலேயே போயிருக்க வேண்டும். காற்று நேர் எதிரே அடித்தால் கதையே வேறு. வளைந்து வளைந்து போக வேண்டும், 28 மைல் ஏறக்குறைய 40 ஆகிவிடும். என்னைக் கேட்டால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

பத்தரை மணிக்கு ஒரு கணக்குப் பாருங்கள். பத்து மைல்கூட வரவில்லை என்றால் இன்ஜினைப் போடுங்கள் (அதற்கு முன் கயிறு எதுவும் தண்ணீரில் தொங்கவில்லையே என்று பார்த்துவிடுங்கள், புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் அன்றைய நாள் அவ்வளவுதான்). அதுவும் சரிவரவில்லையா, திரும்பிவிடுங்கள். கிளம்பிய இடம் உங்களுக்குத் தெரிந்த இடம்.

மறைவில் இருக்கும்போதே பாயை ஒரு மடிப்பு சுருக்கிவிடுங்கள். இரண்டு தீவுக்கு நடுவே காற்று இறுகிப் பாயும், கரையில் 15 நாட் என்பது அங்கே 20க்கு மேல் போகலாம். காற்றின் வேகம் 15லிருந்து 21 ஆனால் பாயின் மேல் விழும் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பு. நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடினால் அலை செங்குத்தாக எழும்பும். வாந்தி வருகிறவர் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளட்டும், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலன் இருக்காது. காற்று வரும் பக்கம் கருமேகம் அடியில் தண்ணீர் வெளுத்துத் தெரிந்தால் மழைப்புயல் வருகிறது. பாயை இன்னும் சுருக்கிக் காத்திருங்கள், பெரும்பாலும் அரை மணிக்குள் கடந்துவிடும்.

இருவர் மட்டும் போகும் படகில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மிச்சம் ஒருவர்தான். அந்த ஒருவருக்குத் தனியாக இன்ஜின் போட, பாயை இறக்க, படகைத் திருப்ப, வானொலியில் 16ஆம் சேனலில் உதவி கேட்கத் தெரிய வேண்டும். "அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்கிற பேச்சே கூடாது. முதல் நாள் வளைகுடாவுக்குள்ளேயே ஆளுக்கு ஒரு தடவை, மற்றவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, முழுக்கச் செய்து பாருங்கள்.

வாயைத் திறக்காமல் என்றதும் நினைவுக்கு வருகிறது, தம்பதிகள் சண்டை போடுவது பெரும்பாலும் நங்கூரம் போடும்போதுதான். முன்னால் நிற்பவர் கத்துவது இன்ஜின் சத்தத்தில் பின்னால் கேட்காது. முன்னே, பின்னே, நிறுத்து, இடம், வலம், இந்த ஐந்துக்கும் கைச்சைகை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மணல் திட்டில் மட்டும் போடுங்கள், பவளத்தின் மேல் வேண்டாம், அது உடைந்தால் உடைந்ததுதான். ஆழம் 5 மீட்டர், முன்முனை தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 6, அதைப்போல் ஐந்து மடங்கு, 30 மீட்டர் சங்கிலி விடுங்கள், ராத்திரி காற்று ஏறும் போலிருந்தால் ஏழு மடங்கு. பிறகு இன்ஜினை மெல்லப் பின்னோக்கிப் போட்டுக்கொண்டு, கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டும் விலகாமல் நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. அப்புறம் முகமூடி மாட்டிக்கொண்டு ஒருவர் இறங்கி, அது மணலுக்குள் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வரலாம், மூன்று மணி வெயிலில் அடிவரை தெரியும்.